பல்லை உறங்க வைப்பதா, ஆளை உறங்க வைப்பதா?



செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும், மேல்மலையனூர், வளத்தி, அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்தும் பல்வலியோடு நம்மிடம் வருகிறவர்களில் அநேகர், நாற்காலியில் உட்காரும் முன்பே ஒரு விண்ணப்பத்தை வைத்துவிடுகிறார்கள்: “டாக்டர், என்னைத் தூங்க வெச்சுட்டுப் புடுங்கிடுங்க.” சபைகளிலிருந்து நம் பணியைப் பார்வையிட வரும் அன்பர்களும் இதையே வேறுவிதமாகக் கேட்பதுண்டு: “ஒரு மயக்க மருந்துக் கருவி வாங்கிக் கொடுத்தால் எல்லாருக்கும் வலியில்லாமல் செய்யலாமே?”

இரண்டு கேள்விகளும் இரக்கத்தினாலும் பயத்தினாலும் பிறந்தவை. இரண்டுக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. பல்லை மட்டும் மரத்துப்போகச் செய்வது ஒன்று, ஆளையே உறங்கச் செய்வது வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னும் சில படிகள் இருக்கின்றன. எந்த நோயாளிக்கு எந்தப் படி போதும் என்று அறிந்து, அதற்கு மேல் ஒரு படிகூட ஏறாமலிருப்பதே நல்ல வைத்தியம். உங்கள் காணிக்கைகள் எங்கே செலவாகின்றன, ஏன் சில காரியங்களை நாங்கள் இங்கே செய்யாமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறோம் என்பதை நீங்கள் அறியும்படி இதை விளக்கமாக எழுதுகிறோம்.

பல் வைத்தியர்கள் உலகத்துக்குத் தந்த ஈவு

அறுவைச் சிகிச்சை உலகத்துக்கே மயக்க மருந்தைக் கொண்டுவந்தவர்கள் பல் வைத்தியர்கள் என்பதைப் பலர் அறியார்கள். 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரில் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் சிரிப்பு வாயுவை வேடிக்கைக்காக முகரச் செய்யும் ஒரு காட்சி நடந்தது. அதை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டு இரத்தம் வழிந்தும் வலி தெரியாமல் நின்றதை ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் கவனித்தார். மறுநாளே அந்த வாயுவைத் தாம் முகர்ந்து, தமது கடைவாய்ப் பல் ஒன்றை இன்னொரு வைத்தியரைக் கொண்டு எடுக்கச் செய்தார். வலி தெரியவில்லை. ஆனால் 1845-இல் பாஸ்டன் நகரில் மருத்துவர்கள் முன்னிலையில் செய்துகாட்டியபோது நோயாளி கத்திவிட்டார். கூடியிருந்தவர்கள் பரிகசித்தார்கள்.

வெல்ஸோடு முன்பு தொழில் செய்த வில்லியம் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் 1846 செப்டம்பரில் ஈதர் என்னும் மருந்தைக் கொண்டு ஒருவருக்குப் பல் எடுத்தார். அக்டோபர் 16-ஆம் தேதி மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அதே ஈதர் மயக்கத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அடுத்த ஆண்டிலேயே ஈதர் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது.

1847-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோபாரத்தைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, வலியை நீக்குவது தேவ சித்தத்துக்கு விரோதம் என்று சிலர் எதிர்த்தார்கள். அவர் ஆதியாகமம் 2-ஆம் அதிகாரம் 21-ஆம் வசனத்தைச் சுட்டிக்காட்டினார். ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கர்த்தர் அவனுக்கு ஆழ்ந்த நித்திரையை வரப்பண்ணினார் அல்லவா என்பது அவருடைய பதில். வலியைத் தணிப்பது கிறிஸ்தவ ஊழியத்துக்கு அந்நியமானதல்ல என்பதில் இன்று நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் குளோரோபாரம் சில நோயாளிகளின் உயிரைப் பறிக்கவும் செய்தது. அதை ஆராய 1888-லும் 1889-லும் ஹைதராபாத்தில் நிஜாமின் பொருளுதவியோடு இரண்டு ஆய்வுக்குழுக்கள் கூடின. மூச்சைக் கவனியுங்கள் என்பதே அவை வலியுறுத்திய பாடம். இருதயமும் திடீரென்று நின்றுபோகக்கூடும் என்பது பிற்பாடு தெரியவந்தாலும், மூச்சைக் கவனிக்க வேண்டும் என்ற பாடம் இன்றைக்கும் பொருந்தும். உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர்களில் ஒருவராகக் கருதப்படும் ரூபா பாய் ஃபர்தூன்ஜி அந்நாட்களில் ஹைதராபாத்தில் பயின்று பணியாற்றியவர். மயக்க மருந்தின் சரித்திரத்தில் நம் தேசத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

முதல் படி: பல்லை மட்டும் உறங்க வைக்கும் ஊசி

நம் பல் பிரிவுக்கு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த முதல் படியே போதும். நம் ஜனங்கள் இதை “மரத்துப்போற ஊசி” என்கிறார்கள். ஆள் விழித்திருப்பார், பேசுவார், கைகாட்டுவார். பல்லும் ஈறும் மட்டும் உணர்விழந்திருக்கும்.

1884-இல் வியன்னாவில் கார்ல் கோல்லர் என்ற மருத்துவர் கோகெயின் கண்ணை மரத்துப்போகச் செய்வதைக் காட்டினார். பல்லுக்கும் அது சீக்கிரத்தில் பயன்பட்டது. ஆனால் அது அடிமைப்படுத்தும் மருந்து. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோவோகெயின் வந்தது. 1943-இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் என்பவர் லிக்னோகெயின் என்ற மருந்தைத் தயாரித்தார். 1948-இல் அது விற்பனைக்கு வந்தது. இன்றைக்கும் நம் பல் பிரிவில் தினமும் கையாளப்படுவது அதுவே. விலை மலிவு, பலன் நிச்சயம், பல ஆண்டுகளாகச் சோதித்து அறியப்பட்டது.

மேல்தாடை எலும்பு நுண்துளைகள் நிறைந்தது. ஆகவே பல்லின் வேருக்கு அருகே ஈறில் ஊசி போட்டால் மருந்து ஊறி உள்ளே சென்றுவிடும். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பக்கமோ கெட்டியான எலும்பு. அங்கே கடைசிப் பல்லுக்குப் பின்னால், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் மருந்தைச் செலுத்த வேண்டும். அப்போது ஒரு பக்கத்துக் கீழ்ப்பற்களும் பாதி உதடும் சேர்ந்து மரத்துப்போகும். இந்த ஊசி கைதேர்ந்தவர்களுக்கும் சில நேரம் தவறும். அப்படியானால் பொறுமையாக இன்னொரு முறை போடவேண்டுமே தவிர, “பொறுத்துக்கோங்க” என்று சொல்லிப் பல்லைப் பிடுங்கக்கூடாது.

இந்த மருந்தோடு அட்ரினலின் என்பதையும் 80,000-இல் ஒரு பங்கு என்ற மிகச் சிறிய அளவில் சேர்த்திருப்பார்கள். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்தை அங்கேயே தங்கச் செய்கிறது. இரத்தப் போக்கும் குறைகிறது. அட்ரினலின் இல்லாத லிக்னோகெயின் பல்லைச் சில நிமிடங்களே மரத்துப்போகச் செய்யும், அட்ரினலினோடு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கிடைக்கும். உதடும் கன்னமும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்தே இருக்கும். அந்த நேரத்தில் குழந்தைகள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாதபடி தாய்மார்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊசி போட்டதும் சில நிமிடங்கள் நெஞ்சு படபடக்கலாம். சிலர் மயங்கிச் சாய்வார்கள். “எனக்கு ஊசி ஒத்துக்காது” என்று சொல்லி வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் நேர்ந்தது இதுதான். லிக்னோகெயினுக்கு மெய்யான ஒவ்வாமை மிக அபூர்வம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், பயந்துகொண்டே பஸ்ஸில் நின்று வந்தவருக்கு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றுவது அபூர்வமல்ல. ஆகவே இந்த ஊசிக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டே வரவேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் வழக்கமான மாத்திரையையும் உணவையும் விடக்கூடாது. இருதய வியாதி, இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அட்ரினலின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கும் அவசியமானபோது லிக்னோகெயின் ஊசி போடலாம். அவசரமில்லாத வேலைக்கு நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம்.

குழந்தைகளுக்கு அளவுதான் முக்கியம். இரண்டு சதவீத மருந்தின் ஒவ்வொரு மில்லியிலும் 20 மில்லிகிராம் லிக்னோகெயின் இருக்கிறது. ஜாக்கிரதையான கணக்கில் உடல் எடை கிலோ ஒன்றுக்கு 4.4 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது. 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 3 மில்லிக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நாலு மூலையிலும் சொத்தைப் பல் இருக்கிறது என்று ஒரே நாளில் நாலு இடத்தில் ஊசி போட்டால் அளவு எளிதில் மீறிவிடும். “இன்னைக்கே எல்லாத்தையும் முடிச்சுடுங்க, இன்னொரு நாள் கூலி போயிடும்” என்று தாயார் கேட்கும்போது நாங்கள் மறுப்பதற்கு இதுவே காரணம்.

ஊசி வேலை செய்யாத நேரம்

சீழ் பிடித்து வீங்கிய பிறகு வருகிறவர்களிடம் இந்த ஊசி சரியாக வேலை செய்வதில்லை. சீழ் கட்டிய இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடுகிறது. அமிலம் கூடின இடத்தில் மருந்து நரம்பின் மேலுறையைக் கடந்து உள்ளே போகமுடியாது. ஆகவே வீக்கத்துக்கு அப்பால் நரம்பு வரும் வழியில் ஊசி போடுவோம். அல்லது முதலில் சீழை வெளியேற்றி, தேவையானால் நுண்ணுயிர்க் கொல்லி மருந்து கொடுத்து, சில நாள் கழித்துப் பல்லை எடுப்போம்.

கிராமங்களில் பலர் வீங்கும் மட்டும் வராமலிருக்கப் பயமே முக்கியக் காரணம். கிராம்புத் தைலம் தடவிக்கொள்வார்கள். அதிலுள்ள யூஜெனால் வலியைக் கொஞ்சநேரம் தணிக்கும், சொத்தையை ஆற்றாது. புகையிலையை அந்தப் பல்லில் அடக்கிக்கொள்வார்கள். அது வாய்ப் புற்றுநோய்க்கு வழி. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறின்மேல் வைப்பார்கள். அது ஈறை வெந்துபோகச் செய்யும்.

இப்படி நாட்கள் கடந்தபின் வீக்கம் தாடைக்கு அடியில் இருபக்கமும் பரவி, நாக்கு மேலே தூக்கப்பட்டு, வாய் திறக்கவும் எச்சில் விழுங்கவும் முடியாமல் காய்ச்சலோடு ஒருவர் வந்தால், அது பல்வலி என்ற நிலையைத் தாண்டிவிட்டது. மூச்சுக் குழல் அடைபடக்கூடும். அப்படிப்பட்டவரை ஒரு மணி நேரம்கூட வைத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். இந்த அடையாளங்களை உங்கள் சபையாருக்கும் சொல்லி வையுங்கள்.

செஞ்சிக்குக் கிழக்கே சுமார் 28 கிலோமீட்டரில் இருக்கும் திண்டிவனத்தில், ஒரே இரவில் பிரசவ வேதனையிலிருந்த மூன்று ஸ்திரீகளுக்காக மூன்று வீட்டார் தனித்தனியே உதவி கேட்டு வந்ததும், ஆண் மருத்துவர் வருவதற்கு அவர்கள் சம்மதியாததால் மூவரும் இறந்துபோனதும் நீங்கள் அறிந்த சரித்திரமே. அந்த இரவே இளம் ஐடா ஸ்கட்டர் அம்மையாரை மருத்துவப் பணிக்குத் திருப்பியது. 1900-இல் அவர் இந்தியாவுக்குத் திரும்பி வந்து வேலூரில் பணியைத் தொடங்கினார். மருந்து பக்கத்து வீட்டிலிருந்தும் நோயாளியை அது எட்டாமல் போகலாம் என்பதை அந்த இரவு காட்டுகிறது. அன்று குறுக்கே நின்றது வழக்கம். இன்று பல் நாற்காலிக்குக் குறுக்கே நிற்பது பயம். பயத்தைப் பரிகசித்துப் பயனில்லை. அதற்கும் வைத்தியம் வேண்டும்.

பயத்துக்கு முதல் மருந்து

பயத்துக்கு முதல் மருந்து பாட்டிலில் இல்லை. ஊசிக்குமுன் ஈறைத் துடைத்து மரப்புக் களிம்பு தடவி இரண்டு நிமிடம் காத்திருக்கிறோம். ஒரு மில்லி மருந்தைச் செலுத்த ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறோம். வேகமாகச் செலுத்தும்போது மருந்தின் அழுத்தமே வலியை உண்டாக்குகிறது. “ஆயா, வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவோம்” என்று சொல்கிறோம், தூக்கினால் நிறுத்துகிறோம். ஒருமுறை நிறுத்தியதைப் பார்த்துவிட்டால் அந்த மூதாட்டி மறுபடி கையைத் தூக்குவது குறைவு.

பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கருவியையும் முதலில் பேர் சொல்லி, பிறகு நகத்தின்மேல் வைத்துக் காட்டி, அதன்பிறகே வாயில் வைக்கிறோம். வலிக்காது என்று பொய் சொல்வதில்லை. “எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், பத்து எண்றதுக்குள்ள போயிடும்” என்கிறோம். பள்ளிக்கூடப் பருவத்துப் பிள்ளைகளில் பலருக்கு இதுவே போதும். இதற்குச் செலவாவது நேரம் மட்டுமே. ஆனால் வரிசையில் அநேகர் காத்திருக்கும்போது அந்த நேரத்தைக் கொடுக்க இன்னொரு செவிலியரோ உதவியாளரோ வேண்டும். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு அவர்களுடைய சம்பளமாகிறது. அது மயக்கக் கருவி வாங்குவதற்குக் கீழான செலவு என்று எண்ணவேண்டாம்.

இரண்டாம் படி: ஆளைத் தணிக்கும் மருந்து

இவ்வளவு செய்தும் நடுக்கம் தணியாதவர்கள் உண்டு. அவர்களுக்கு செடேஷன் என்னும் தணிப்பு மருந்து உதவும். இதில் நோயாளி சொக்கிய நிலையில் இருப்பார். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறப்பார், வாயைத் திறக்கச் சொன்னால் திறப்பார், தாமே மூச்சு விடுவார். ஒன்றை மறக்கக்கூடாது: இந்த மருந்துகள் பெரும்பாலும் பயத்தையே தணிக்கின்றன. வலியை நீக்க மரப்பு ஊசி அப்போதும் வேண்டும். ஊசியே இல்லாமல் பல் எடுக்கலாம் என்று எண்ணி இதைக் கேட்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

இதில் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, மூக்கில் வைக்கும் முகமூடி வழியாக நைட்ரஸ் ஆக்சைடையும் ஆக்சிஜனையும் கலந்து முகரக் கொடுப்பது. வெல்ஸ் முகர்ந்த அதே வாயுதான். ஆனால் இன்றைய பல் மருத்துவக் கருவிகளில் ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி பூட்டு இருக்கிறது. சில நிமிடங்களில் உடல் இலேசாகும். முடிவில் ஐந்து நிமிடம் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் சீக்கிரத்தில் தெளிந்துவிடும். மூன்று வழிகளிலும் பத்திரமானது இதுவே. குறைகளும் உண்டு. மூக்கு அடைத்திருந்தால் பயன்படாது. முகமூடியைத் தள்ளிவிட்டு வாயால் அழுகிற பிள்ளைக்கும் பயன்படாது. வெளிவரும் வாயுவை அறையிலிருந்து உறிஞ்சி அகற்றாவிட்டால் தினமும் அங்கே நிற்கும் ஊழியருக்குத் தீங்கு. சிலிண்டர்களைத் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும்.

இரண்டாவது, வாய்வழி மருந்து. மிடாசோலம் என்னும் மருந்தைப் பாகாகக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் பிள்ளை தணியும். கொடுப்பது எளிது. ஆனால் உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஒரு பிள்ளைக்கு ஒன்றும் செய்யாத அளவு, இன்னொரு பிள்ளையை எதிர்பார்த்ததைவிட ஆழமாக உறங்க வைத்துவிடலாம்.

மூன்றாவது, அதே மருந்தைக் கைநரம்பு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவது. நோயாளியைப் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டலாம். பல் எடுத்தது பலருக்கு நினைவிலேயே இருக்காது. மிகவும் பயந்தவர்களுக்கு அந்த மறதியும் ஒரு நன்மை. ஆழம் மிஞ்சினால் ஃப்ளூமசெனில் என்ற மாற்று மருந்து உண்டு. ஆனால் அதன் பலன் மிடாசோலத்தின் பலனைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே தெளிந்தவர் மறுபடியும் சொக்கலாம் என்று எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: முழு உறக்கம்

பொது மயக்கம் என்பது முழு உறக்கம். கூப்பிட்டாலும் கிள்ளினாலும் எழமாட்டார். மூச்சுப் பாதையையும் மூச்சையும் மயக்கவியல் நிபுணரே காத்துக்கொள்ள வேண்டும். பல் சிகிச்சையில் பல நேரம் மூக்கின் வழியாகக் குழாயைச் செலுத்தி வாயை வேலைக்காக விட்டுவைப்பார்கள். இரத்தமும் பல் துணுக்கும் உள்ளே இறங்காதபடி தொண்டையில் ஈரத் துணிச்சுருள் வைத்து, முடிவில் அதை எண்ணி எடுப்பார்கள்.

யாருக்கு இது தேவை? வாய் நிறையச் சொத்தைப் பற்களுள்ள மிகச் சிறிய பிள்ளைகள், தாடை எலும்பு முறிந்தவர்கள், பெரிய கட்டி உள்ளவர்கள், மூளை வளர்ச்சி குன்றியவர்கள், உடம்பு தன்வசத்தில் நில்லாதவர்கள் ஆகியோருக்கே. பேச்சு வராத ஒரு பிள்ளை திடீரென்று சோற்றைத் தள்ளுகிறான், இரவெல்லாம் அழுகிறான், தலையைச் சுவரில் முட்டுகிறான் என்றால் வீட்டார் காத்துக் கருப்பு என்றும், பிடிவாதம் என்றும் சொல்லிவிடுகிறார்கள். வாயைத் திறந்து பார்த்தால் சொத்தைப் பல் இருக்கலாம். அவனுக்கு எறும்பு கடித்த கதை சொல்லிப் பயனில்லை. அவனை நாலுபேர் அழுத்திப் பிடித்துக்கொண்டு பல் எடுப்பது இரக்கமான காரியமும் அல்ல. ஒரே மயக்கத்தில் எல்லாப் பற்களையும் சரிசெய்துவிடுவதே அவனுக்குச் செய்யும் நன்மை.

ஏன் எல்லாருக்கும் இதைச் செய்வதில்லை?

இந்த மூன்று படிகளும் தனித்தனி அறைகளல்ல, ஒரே சரிவுப் பாதை. இலேசான தணிப்பில் தொடங்கியவர் தமக்கே தெரியாமல் ஆழ்ந்த உறக்கத்துக்குள் சறுக்கிவிடலாம். அப்போது நாக்கு பின்னே சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கும். மற்ற அறுவைச் சிகிச்சைகளில் வைத்தியர் வயிற்றிலோ காலிலோ வேலை செய்வார், மயக்கம் கொடுப்பவர் தலைமாட்டில் மூச்சைக் காப்பார். பல் சிகிச்சையிலோ இருவருக்கும் வேலை ஒரே வாயில். தண்ணீரும் இரத்தமும் அங்கேதான் சேருகின்றன. பிள்ளைகளுக்கு மூச்சுக்குழல் குறுகலானது, ஆக்சிஜன் சேமிப்பும் குறைவு. பெரியவர்களைவிடச் சீக்கிரத்தில் நீலம் பூத்துவிடுவார்கள்.

ஆகையால் பல்லைப் பார்க்கிறவரே உறக்கத்தையும் பார்த்துக்கொள்ளலாகாது. மூச்சையும் நாடியையும் மட்டும் கவனிக்கப் பயிற்சி பெற்ற இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரிட்டனில் 2002 முதல் பல் வைத்தியசாலைகளில் பொது மயக்கம் கொடுப்பதை முற்றிலும் நிறுத்தி, மருத்துவமனைகளில் மட்டும் அனுமதித்தார்கள். செல்வமும் வசதியும் உள்ள தேசமே அப்படித் தீர்மானித்தது. ஏழைகளுக்கு இலவசமாகச் செய்கிறோம் என்பதற்காக நாம் அதைவிடக் குறைந்த கவனத்தோடு செய்யலாமா? ஏழையின் பிள்ளைக்கும் அதே பாதுகாப்பு வேண்டும்.

இதனால் நம் பல் நாற்காலியில் நாங்கள் பொது மயக்கம் கொடுப்பதில்லை. தேவைப்படுகிறவர்களை முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புகிறோம். தகப்பனார் ஒருவர் “இங்கேயே செஞ்சுடுங்கம்மா, அவ்வளவு தூரம் எப்படிப் போறது?” என்று கேட்கும்போது வெறும் சீட்டெழுதிக் கொடுத்து அனுப்பிவிட மனம் வருவதில்லை. பஸ் செலவும், துணைக்குப் போகிறவருக்குச் சாப்பாடும், இரண்டு நாள் கூலி நஷ்டத்துக்கு ஒரு சிறு ஈடும் கொடுத்தால்தான் அவர்கள் போய்ச் சேருகிறார்கள். இல்லாவிட்டால் சீட்டு வீட்டுக் கூரையில் செருகப்பட்டிருக்கும், பிள்ளை வலியோடிருப்பான்.

நோயாளியின் பங்கு

தணிப்பு மருந்துக்கோ பொது மயக்கத்துக்கோ வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வரவேண்டும். மரப்பு ஊசிக்குச் சாப்பிட்டு வரச்சொன்னோம், இதற்கு நேர்மாறு. வயிற்றிலுள்ளது எதுக்களித்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து. சோறு, இட்லி, பசும்பால் ஆகியவை ஆறு மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். எண்ணெய்ப் பதார்த்தமும் இறைச்சியும் என்றால் எட்டு மணி நேரம். தாய்ப்பாலுக்கு நாலு மணி நேரம். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை குடிக்கலாம். “பாவம், குழந்தை பசிக்கிறான்” என்று பாட்டி ஒளித்துக் கொடுக்கும் ஒரு பிஸ்கட்டும் ஆபத்தானது. சிரிப்பு வாயுவை மட்டும் இலேசாகக் கொடுக்கும்போது இவ்வளவு கட்டுப்பாடு வேண்டியதில்லை. வயிறு நிறையச் சாப்பிடாமல் வந்தால் போதும்.

தணிப்பு மருந்து பெற்றவர் தனியே வீடு திரும்பக்கூடாது. அன்று வண்டி ஓட்டவோ, கிணற்றடிக்குப் போகவோ, பத்திரத்தில் கையெழுத்துப் போடவோ கூடாது. பெரியவர் ஒருவர் துணைக்கு வேண்டும். அமாவாசை நாட்களில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்குத் திரளான ஜனங்கள் வருவதால் பஸ்களில் கால்வைக்க இடமிருக்காது. அரைத் தெளிவில் இருக்கும் ஒருவர் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு போவது சரியல்ல. ஆகையால் அந்த நாட்களில் இப்படிப்பட்ட சிகிச்சைகளை வைத்துக்கொள்வதில்லை.

உங்கள் காணிக்கை எங்கே உதவும்?

கருவி வாங்கித் தருவதாகச் சொல்லும் அன்பர்களுக்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள். ஆனால் வரிசை இதுவாக இருக்கட்டும்.

முதலில் காக்கும் கருவிகள். விரலில் மாட்டி இரத்தத்திலுள்ள ஆக்சிஜனைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் தத்துவத்தை ஜப்பானில் டாகுவோ அவோயாகி என்பவர் 1974-இல் வெளியிட்டார். கொரோனா நாட்களில் பல வீடுகளும் அதை அறிந்துகொண்டன. 95-க்கு மேல் இருந்தால் நலம், 90-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. ஆனால் நெயில் பாலிஷ் அதைக் குழப்பும். கருத்த தோலில் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. மூச்சு நின்று சற்று நேரம் கழித்தே எண் இறங்கத் தொடங்கும். ஆகவே கருவியோடு, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களும் வேண்டும். எச்சிலையும் இரத்தத்தையும் உறிஞ்சும் கருவி, நிரம்பிய ஆக்சிஜன் சிலிண்டர், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பை, பிள்ளைகளுக்கான சிறிய முகமூடிகள் ஆகியவையும் நாற்காலிக்குப் பக்கத்தில் தயாராயிருக்க வேண்டும்.

அடுத்தது பயிற்சி. செவிலியர்கள் ஆண்டுதோறும் உயிர்காப்புப் பயிற்சியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படும் ஏழைகளின் பயணச் செலவு. இவையெல்லாம் நிறைவேறிய பின்பே சிரிப்பு வாயுக் கருவி. கவனிக்க ஆளும் மீட்கக் கருவியும் இல்லாத இடத்தில் உறக்க மருந்தை வாங்கி வைப்பது, தடுப்பு இல்லாத வண்டியைச் சரிவில் விடுவதற்குச் சமம்.

இவை எதுவும் தேவைப்படாமல் செய்யும் வழியும் ஒன்று உண்டு. பாட்டிலோடு குழந்தையைத் தூங்க விடாதிருப்பதும், இரவு பல் துலக்கிய பின் மிட்டாய் கொடாதிருப்பதும், வலி வருமுன் ஆண்டுக்கொருமுறை பல்லைக் காட்டிக்கொள்வதும் அநேகரை ஊசியிலிருந்தே தப்புவிக்கும். உங்கள் ஞாயிறு பள்ளிகளில் இதைக் கற்றுக்கொடுப்பீர்களானால் அதுவும் இந்த ஊழியத்தில் பங்குகொள்வதே.

ஜெபக் குறிப்புகள்

வலியோடிருந்தும் பயத்தினால் வராதிருக்கிறவர்களுக்காக ஜெபியுங்கள். பேசமுடியாத பிள்ளைகளையும் அவர்களைச் சுமக்கும் தாய்மார்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவசரப்படுத்தப்படும்போதும் பொறுமையை இழவாமல், செய்யக்கூடாததைச் செய்யமாட்டோம் என்று அன்போடு சொல்லும் தைரியம் நம் ஊழியர்களுக்கு உண்டாகும்படியும் ஜெபியுங்கள்.

 வியாதியஸ்தரின் படுக்கையருகே நின்ற நம் ஆண்டவர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் சபைகளையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மருத்துவமனை ஊழியர்கள்